ஓடும்போது மட்டும்

திருத்தணியில் எங்கள் தெருவில் அம்சாவிடம் வாய் கொடுக்க யாரும் விரும்ப மாட்டார்கள். மலைக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. மொட்டை போட்டுக்கொண்டு வந்து படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் சந்தனமாக்கிவிட்டுப் போகிறவர்களை, மாடிப்படி இறங்கி முடிகிறவரை திட்டிக்கொண்டே வருவாள். மேனேஜர் கஜபதி, "கஸ்டமர் காதுல வுழப் போவுது அம்சா" என்பார். "வுழட்டும்ங்க. வுழறதுக்குத்தான் சொல்றேன்" என்பாள்.

அவளுக்கு உண்மையாகவே கோபப்பட வேண்டிய நாள் வந்தபோது இந்தப் பெயரே அவளுக்கு எதிராக நின்றது. "அம்சாதானே, கத்தும், அப்புறம் அடங்கிடும்" என்று விட்டுவிட்டார்கள். நானும் அதே தெருதான். அதை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அவள் வீட்டுக்காரர் பரசுராமன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லோடிங் வேலை பார்த்தவர். அரக்கோணம் போய் வண்டி மாறிப் போவார். மகள் அபிக்கு நான்கு வயதிருக்கும்போது, ஒரு காலை, வண்டி வேறு பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று கடைசி நேரத்தில் அறிவித்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக மேம்பாலப் படியில் ஓடினார். மேலே போய்ச் சேர்ந்ததும் விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை.

பிரேதப் பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை. "தண்ணி போடுவாரா?" என்று ரயில்வே போலீஸ்காரர் கேட்டார். பரசுராமனின் அண்ணன் குணசேகரன், "ஆங், பழக்கம் உண்டு சார்" என்றார். முடிந்தது. காரணம் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து பரசுராமன் குடித்துவிட்டு ஓடி விழுந்து செத்தவன்.

"காலைல ஏது பாவா குடி? நான் குடுத்த டீயைக் குடிச்சிட்டுத்தான கெளம்புனாரு?" என்று அம்சா கேட்டாள். அந்தப் பக்கத்தில் புருஷனின் அண்ணனைப் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உனக்குத் தெரியாம வழில போட்டிருப்பான்" என்றார் குணசேகரன்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். வருஷங்கள் போகப் போக அம்சாவும் நம்பிவிட்டாள். கஷ்டம் வரும்போதெல்லாம் செத்தவரைத் திட்டினாள்.

அபி நான்காம் வகுப்பில் முதல்முறை விழுந்தாள். ஓடிப்பிடித்து விளையாடும்போது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். சற்று நேரத்தில் தானே கண் திறந்தாள். வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்தமுறை தெருநாய் துரத்தியபோது விழுந்தாள். மாத்திரையைக் கூட்டினார்கள். பிள்ளை வகுப்பில் தூங்கி வழிந்ததுதான் மிச்சம், விழுவது நிற்கவில்லை. பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள். படுக்கவைத்து ஒயர் மாட்டி, தாளை உருவிப் பார்த்து, "நார்மல்" என்றார்கள். ஸ்கேனும் நார்மல். "பொண்ணு பயந்த சுபாவம், செல்லம் குடுக்காதீங்க" என்று அறிவுரை வேறு.

அந்த 'நார்மல்' என்ற ஒரு சொல் பள்ளிக்கூடம் வரை போய்ச் சேர்ந்தது. அபி எட்டாம் வகுப்பு வந்தபோது பி.டி. சார் சடகோபன், தாமதமாக வருகிறவர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பார். ஒருநாள் அபியும் தாமதம்.

"சார், நான் ஓடினா விழுந்துடுவேன் சார்."

"டாக்டரே நார்மல்னு சொல்லிட்டாரு. எங்கிட்ட நடிக்காத. ஓடு."

ஓடினாள். ஒரு சுற்று முடியவில்லை, புல்லில் முகம் குப்புற விழுந்தாள். கூட ஓடிய பெண்கள் அலறினார்கள். சடகோபன், "எல்லாரும் நகருங்க, தானா எழுந்திருக்கும்" என்றாராம். தானாகத்தான் எழுந்தாள். அந்த அதிர்ஷ்டத்தை அவர் தன் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டார்.

அம்சா லாட்ஜிலிருந்து அப்படியே வந்தாள், கையில் பினாயில் வாடையோடு. தலைமையாசிரியர் அறையில் சடகோபனும் இருந்தார்.

"உதடு நீலமா பூட்ச்சின்னு பசங்க சொல்லுது. நடிக்கறவளுக்கு உதடு எப்படி சார் நீலமாவும்? நீங்க ஒருவாட்டி நடிச்சிக் காட்டுங்க, பாக்கறேன்."

"அம்மா, கத்தாதீங்க" என்றார் தலைமையாசிரியர். "மத்த புள்ளைங்க பயப்படுது."

"எம்புள்ள செத்துக் கெடந்தப்ப பயப்படலையா?"

அவர் மணியை அடித்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அபியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்சா நேராக ரயில் ஏறினாள். சென்னையில் குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இதயப் பிரிவில் இருந்த டாக்டரம்மா பழைய தாள்களைப் பார்ப்பதற்கு முன்னால் அபியிடம் கேட்டார்: "நீ எப்பெல்லாம் விழுவே?"

"ஓடும்போது. பயந்துக்கினா."

"சும்மா உக்காந்திருக்கறப்ப?"

"இல்ல டாக்டர். ஓடும்போது மட்டும்தான்."

இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. விழுந்தபின் கை கால் வெட்டியதா, நாக்கைக் கடித்தாளா என்று கேட்டார்கள். எப்போது விழுகிறாள் என்று கேட்கவே இல்லை.

"படுக்கவெச்சுப் பாத்தா நார்மலாத்தாம்மா இருக்கும்" என்றார் டாக்டர். "ஓடும்போது தப்பாப் போறதை ஓடவெச்சுத்தான் பாக்கணும்."

அம்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடவைத்ததற்குத்தான் ஒருவரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள். "ஓடினா விழுவான்னு சொல்றேன், நீங்களும் ஓடச் சொல்றீங்களா?"

"இங்க நான் பக்கத்துல இருப்பேன். நர்ஸ் இருப்பாங்க. ஏதாவது ஆனா ஷாக் குடுக்கற மெஷின் தயாரா இருக்கும். அவ விழற வரைக்கும் ஓடவிட மாட்டேன். அதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல தெரியும்."

டிரெட்மில்லில் அபியை ஏற்றினார்கள். நெஞ்சு முழுக்க ஒயர். முதலில் நடை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெல்ட்டின் வேகம் கூடியது, முன்பக்கம் உயர்ந்தது. திரையில் கோடுகள் ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தன. அபி ஓட ஆரம்பித்ததும் நடுவில் ஒன்று அகலமாக வந்தது. பிறகு இரண்டு. பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறி வரிசையாக வந்தபோது டாக்டர் "ஸ்டாப்" என்றார். பெல்ட் நின்றது. அபியைப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். அவள் மூச்சு அடங்க அடங்கக் கோடுகளும் தாமாகவே சரியாயின. சற்று நேரத்தில், பழைய தாளில் இருந்த அதே நார்மல்.

"அப்ப இவ நடிக்கல" என்றாள் அம்சா.

"இல்லம்மா. பாவம், நிஜத்தைத்தான் சொல்லிட்டிருந்தா."

இதயத்தின் தசையிலும் வால்விலும் குறையில்லை, அதில் ஓடுகிற மின்சாரத்தில்தான் கோளாறு என்று டாக்டர் விளக்கினார். பிறவியிலேயே வருவது. ஓடினாலோ, திடுக்கிட்டாலோ, ரொம்பக் கோபப்பட்டாலோ துடிப்பு தறிகெட்டுப் போகும். வலிப்பு இல்லை. அந்த மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டு வேறு மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறாமல். பிறகு கேட்டார்: "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

"இல்லைங்க. இவ அப்பா பூட்டாரு, ஆனா அது குடிச்சிட்டு..." அம்சா நிறுத்தினாள். அந்த வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அது வாயிலேயே நின்றுவிட்டது. "ஓடினாரு" என்றாள். "படி ஏறி ஓடினாரு. விழுந்துட்டாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவருக்கும் இதுதான்னு இப்ப நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா செத்தப்புறம் அறுத்துப் பாத்தா இது தெரியாது. ரத்தத்துல மரபணு டெஸ்ட் எடுக்கறேன், ரிசல்ட் வர நாளாகும். அவர் கூடப் பொறந்தவங்க, அவங்க புள்ளைங்க எல்லாரும் டிரெட்மில் டெஸ்டுக்கு வரணும். யாராவது ஓட்டம், விளையாட்டுன்னு இருந்தா முதல்ல அவங்களை நிறுத்துங்க."

ஒருவன் இருந்தான். குணசேகரனின் மகன் அரசு. பதினாறு வயது, எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரன். மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தான்.

அம்சா மறுநாளே அவர்கள் இருக்கிற மணவூருக்குப் போனாள். குணசேகரன் அப்போதுதான் கரும்பு லோடு ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். முழுவதையும் கேட்டார்.

"எங்க வம்சத்துல அப்படி ஒண்ணும் கெடையாது. உம் பொண்ணுக்கு வந்தா உன் பக்கத்துல பாரு."

"என்னையும் ஓடவெச்சிப் பாத்தாங்க பாவா. எனக்கு ஒண்ணுமில்ல. அவரு ஓடித்தான் செத்தாரு, குடிச்சி இல்ல."

"எம்பொண்ணு அனிதாவுக்கு வரன் வந்துகினு இருக்குது. இந்த நேரத்துல இதயத்துல கோளாறு, ரத்தத்துல கோளாறுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியாத. எம்மவன் குதிரை மாதிரி ஓடறான், பொறுக்கலையா உனக்கு?"

அவர் மனைவி வசந்தி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அம்சா குணசேகரனுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. அரசுவின் பள்ளிக்குப் போனாள். பையனின் அப்பாவை அழைத்து வாருங்கள் என்றார்கள். கடைசியில் போட்டி நாளன்று மேனேஜரிடம் சொல்லிக்கொள்ளாமல் திருவள்ளூருக்குப் பஸ் ஏறினாள்.

அன்று மைதானத்தில் நடந்ததை வசந்திதான் பிறகு எனக்குச் சொன்னாள். எண்ணூறு மீட்டருக்குப் பையன்கள் கோட்டில் நின்றுவிட்டார்கள். விசில் வாயில் இருக்கிறது. அம்சா கயிற்றைத் தாண்டிக் குனிந்து உள்ளே வந்து அரசுவின் கையைப் பிடித்தாள்.

"நட. ஓடக் கூடாது."

"சித்தி, விடு! எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

நடுவர்கள் ஓடிவந்து இழுத்தார்கள். அம்சா அரசுவின் தடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் சிரித்தது, சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். குணசேகரன் பந்தலிலிருந்து வந்தார். வந்த வேகத்தில் அவளை அறைந்தார்.

"புருஷனைத் தின்னுட்டு எம்மவன் வாழ்க்கையையும் கெடுக்க வந்துட்டியா?"

அம்சா எழுந்து நின்றாள். கன்னத்தைத் தொடக்கூட இல்லை. "உன் தம்பியைக் குடிகாரன்னு போலீஸ்கிட்ட நீ சொன்ன. உன் மவனைப் பத்தி இன்னா சொல்லுவ? அதுவும் இப்பவே யோசிச்சி வெச்சிக்க."

அவர் மறுபடி கையை ஓங்கினார். அந்தக் கையை வசந்தி பிடித்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல்முறையாக.

"எனக்கும் பயமா இருக்குதுங்க. டெஸ்ட் எடுத்துட்டு ஓடட்டும். இல்லன்னா ஓட வாணாம்."

மைதானத்தில் முதலுதவிக்கு வந்திருந்த இளம் டாக்டர் அதற்குள் நெருங்கி வந்து, என்ன நோய் என்று அம்சாவிடம் கேட்டார். அவள் சொன்னாள். அபியின் டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். பேசி முடித்ததும் அவர் நடுவரிடம், "டெஸ்ட் முடியாம இந்தப் பையனை நான் அனுமதிக்க முடியாது" என்றார். போட்டி அரசு இல்லாமல் நடந்தது. அவன் வழக்கமாகத் தோற்கடிக்கிற பையன் முதலாவதாக வந்தான். அரசு ஷூவைக் கழற்றி அம்சாவின் காலடியில் எறிந்துவிட்டுப் போனான்.

வசந்தி பிடித்த பிடியில் குடும்பமே சென்னைக்கு வந்தது. அரசு டிரெட்மில்லில் ஓடினான். ஆத்திரத்தோடு ஓடினான். வேகம் கூடக்கூட, பெல்ட் உயர உயர, விடாமல் ஓடினான். திரையில் ஒரு கோடுகூடத் தவறவில்லை. ஒரு டெஸ்டை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்று டாக்டர் ரத்தமும் எடுத்தார். அபியிடம் இருந்த மரபணுக் கோளாறு அவனிடம் இல்லை என்று பிறகு ரிசல்ட் வந்தது. அனிதாவுக்கும் இல்லை.

அரசு டிரெட்மில்லிலிருந்து இறங்கியதுமே குணசேகரன், "பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அடுத்து அவரையும் ஏறச் சொன்னார். வேட்டியை மாற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டே ஏறியவர், இறங்கும்போது சிரிக்கவில்லை. திரையில் அதே மேலொன்று கீழொன்று. ரத்தமும் அதையே சொன்னது. அபிக்கு இருந்தது அவருக்கும் இருந்தது.

இதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அபிக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே கோளாறு என்றால் அது நடுவிலிருந்த பரசுராமன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அந்தக் காலையில் அவரைக் கொன்றது குடி இல்லை.

அம்சா குணசேகரன் முன்னால் போய் நின்றாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்: "இப்ப சொல்லு பாவா. குடிக்கலன்னு சொல்லு."

அவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப எதுக்கு அந்தப் பேச்செல்லாம்" என்றார்.

இன்றுவரை அவர் சொல்லவில்லை. மாத்திரை போடுகிறார், லோடு தூக்குவதை விட்டுவிட்டார், தம்பி மகளால்தான் தன் உயிர் தப்பியது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அனிதாவின் நிச்சயதார்த்தத்தில் யாரோ வழக்கம்போல, "குடிகாரன் பொண்டாட்டி" என்று ஆரம்பித்தபோது வசந்திதான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சபை நடுவில், "எங்க கொழுந்தனார் குடிச்சி சாவல. அவருக்கு இருந்த நோவு இதோ உக்காந்துகினு இருக்காரே, இவருக்கும் இருக்குது. இனிமே யாராவது அப்படிச் சொன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள். குணசேகரன் எழுந்து வெளியே போய்விட்டார். கல்யாணம் நின்றுவிடவில்லை. அது நிற்கும் என்று பயந்துதானே இத்தனையும் செய்தார் அந்த மனுஷர்!

அரசு அடுத்த வருஷம் ஓடினான், இரண்டாவது வந்தான். அம்சாவோடு பேசுவதில்லை. "உன்னாலதான் ஒரு வருஷம் போச்சு" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. அம்சாவுக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. "அவனுக்கு ஒண்ணுமில்லன்னு அன்னிக்கி எனக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் அப்படி ஒண்ணு வந்தா மறுபடியும் போய் உக்காருவேன்" என்றாள் என்னிடம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது வீட்டுக்குள் இன்னொரு சண்டை வளர்ந்தது. மாத்திரை ஆரம்பித்துச் சில மாதம் கழித்து அபியை மறுபடி டிரெட்மில்லில் ஓடவைத்தார்கள். இந்த முறை கோடுகள் ஒழுங்காகவே போயின, கடைசியில் ஒன்றிரண்டு மட்டும் தவறின. டாக்டருக்குச் சந்தோஷம். "பந்தயம் வேண்டாம், தனியா தண்ணில எறங்க வேண்டாம். மத்தபடி விளையாடட்டும். படபடன்னு வந்தா அவளே நிறுத்தணும். கூட இருக்கறவங்களுக்கு நெஞ்சை அமுக்கி முதலுதவி செய்யத் தெரிஞ்சிருக்கணும். மூலையில உக்காரவெச்சு வளர்க்காதீங்க, அதுவும் உடம்புக்குக் கெடுதல்தான்."

அம்சா தலையாட்டிவிட்டு வந்தாள். வந்து அபியை மூலையில்தான் உட்காரவைத்தாள். மாடிப்படி கூடாது. கடைக்குப் போகக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. விளையாட்டு நேரத்தில் அபி லைப்ரரியில் இருக்கட்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஓட மாட்டேன் என்றவளை ஓடவைத்தவர்கள், ஓடலாம் என்றபிறகு உட்காரவைத்தார்கள்.

ஒருநாள் அபி வெடித்தாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது என்று அம்சா பிடுங்கியபோது.

"ஓடினா சாவேன்னு சொன்னப்ப எவனும் நம்பல. இப்ப வெளாடலாம்னு டாக்டர் சொல்றாங்க, நீ நம்பல. நீயும் அந்த சடகோபன் சாரும் ஒண்ணுதாம்மா!"

"கத்தாத அபி. கோபப்படக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"கோபம்கூடப் படக் கூடாதா நானு? நீ மட்டும் ஊரெல்லாம் சண்ட போடுவ!"

அம்சா பயந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாடி வேகமாகத்தான் அடித்தது, ஆனால் ஒழுங்காக அடித்தது. அபி விழவில்லை. மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வழிய, அம்மாவை முறைத்தபடி நின்றாள். சடகோபனோடு சேர்த்துப் பேசியது அம்சாவை எப்படி அறுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் குடத்தை மகள் கையில் கொடுத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். டாக்டர் எழுதியதை மேசைமேல் வைத்தாள். "டி.சி. வாங்க மாட்டேன். லைப்ரரிலயும் உக்கார மாட்டா. நெஞ்சை அமுக்கறது எப்படின்னு ஆம்புலன்ஸ்காரங்க வந்து சொல்லித் தருவாங்களாம், கேட்டுட்டுத்தான் வரேன். எப்ப வரச் சொல்லட்டும்?" தலைமையாசிரியர் அவளை வாசலில் காக்கவைத்துப் பார்த்தார். அவள் மதியம் வரை நகரவில்லை. கடைசியில் தேதி கொடுத்தார். ஆசிரியர்கள் எல்லோரும் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கிப் பழகினார்கள். சடகோபன் கடுகடுவென்ற முகத்தோடு அமுக்கினார். ஒரு மன்னிப்பு அவர் வாயிலும் வரவில்லை.

இப்போது அபி த்ரோபால் விளையாடுகிறாள், பின்வரிசையில். நெஞ்சு படபடவென்று வந்தால் கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து உட்கார்வாள். போன வாரம் பள்ளியிலிருந்து லாட்ஜுக்குப் போன் வந்தது, அபிக்கு அடிபட்டுவிட்டது, உடனே வாருங்கள் என்று. அம்சா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினால், அபி மூக்கில் பஞ்சோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் ஆசிரியர்கள். ஒருவர் விசிறுகிறார், ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுகிறார்.

"மூக்குல பந்து பட்டுச்சும்மா, அவ்ளோதான்" என்றாள் அபி, எரிச்சலாக. "சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. நீயாச்சும் சொல்லு."

அம்சா அவள் முகத்தைத் திருப்பி மூக்கைப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது.

"மூக்குல பட்டா மூக்கைப் பாருங்க சார்" என்றாள் அங்கிருந்தவர்களிடம். மகள் பக்கம் திரும்பி, "பந்து வரப்ப கையைத் தூக்காம எங்கடி பராக்கு பாத்துகினு இருந்த?" என்று ஆரம்பித்தாள். வாசல்வரை அந்தத் திட்டு கேட்டது என்றார்கள்.